பேர் வெட்டாத வண்டி

எங்கள் பக்கத்து வீடுகளில் எவர்சில்வர் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. குடத்தின் கழுத்திலோ டம்ளரின் அடியிலோ பொடி எழுத்தில் ஒரு பேர், ஒரு தேதி, சில சமயம் ஓர் ஊர். பாத்திரக் கடையில் விலை பேசி முடித்ததும் கடைக்காரர் கேட்கிற அடுத்த கேள்வி, "பேர் வெட்டோணுங்களா?" கைக்கு அடக்கமான மின்கருவி, கிர்ரென்று ஒரு சத்தம், இரண்டு நிமிடம்; சாமானுக்குச் சொந்தக்காரர் வந்துவிடுகிறார். கலியாண வீட்டுக்கு இரவல் போன அண்டாவும் சாவு வீட்டுக்குப் போன குண்டாவும் நாலு வாசல் ஏறி இறங்கிய பிறகும் வழி தவறாமல் வீடு திரும்பியது இந்தக் கிறுக்கலை நம்பித்தான்.

அதே வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கும் சைக்கிளுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்துச் சென்னிமலையில் அந்த வண்டி வெறும் ஏறிப் போகிற வண்டியும் இல்லை. கைத்தறிப் போர்வையால் பேர் வாங்கிய ஊர் இது. கூட்டுறவுச் சங்கத்தில் நூல் வாங்கி வருவதும், பாவு நூலை வீடு சேர்ப்பதும், நெய்து முடித்த போர்வைக் கட்டைச் சங்கத்தில் கொண்டுபோய் அளப்பதும் வெகுகாலம் சைக்கிள் கேரியரில்தான் நடந்தன. இன்று மொபெட்டும் ஸ்கூட்டரும் வந்துவிட்டன என்றாலும், விடிகாலையில் தறிக்குப் போகிறவர்களும், பெருந்துறை சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளில் 44.8 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. சொத்து என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றே இருக்கிற வீடும் அதில் அடக்கம்.

வண்டியில் எழுத்தே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆலையிலிருந்து வரும்போதே ஃபிரேமில் ஓர் எண் குத்தப்பட்டுத்தான் வருகிறது. சீட்டைத் தாங்கும் பைப்பின் மேல்முனையில் இருக்கும். இல்லையென்றால் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு போகிற குழாயின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். கார், பைக்குக்கு சேசிஸ் நம்பர் எப்படியோ அப்படி. ஒரு வித்தியாசம்: பைக்கின் சேசிஸ் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறுகிறது, சைக்கிளின் நம்பர் எங்கும் ஏறுவதில்லை. கடைக்காரர் பில்லில் எழுதினால் உண்டு. பெரும்பாலும் 'சைக்கிள் 1' என்று எழுதுவதோடு சரி.

நான் கல்லூரியில் படிக்கும்போது, ஸ்டாண்டு காசை மிச்சம் பிடிக்க சினிமா கொட்டகைக்கு வெளியே மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனேன். படம் விட்டு வந்தபோது மரம் மட்டும் இருந்தது. ஸ்டேஷனில் எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு, "நெம்பர் சொல்லு தம்பி" என்றார். "பச்சை கலருங்க, 22 இஞ்சுங்க" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அன்றைக்கு அந்த ஊரில் ஓடிய சைக்கிளில் பாதி பச்சை, பாதி கறுப்பு. அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. என் பொருளை என் பொருள் என்று அடையாளம் சொல்ல எனக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் குறுக்கிடுவார்கள்: "அந்தக் காலத்துல சைக்கிளுக்கு லைசென்ஸ் இருந்துதப்பா." இருந்தது. உள்ளாட்சிக்கு வரி கட்டினால் ஒரு தகட்டு வில்லை கொடுப்பார்கள். பில்லை என்றும் சொல்வதுண்டு. அதை வண்டியில் முடுக்கிக்கொள்ள வேண்டும். இதன் வேர் 1920ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வரைக்கும் போகிறது; வண்டிகள், விலங்குகள் மீது வரி போடும் அதிகாரத்தை அது நகராட்சிகளுக்குக் கொடுத்தது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனம் இன்றும் இருக்கிறது: சாலையில் ஓடத்தக்க வண்டி, இயந்திரத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதற்கு மாநிலம் வரி விதிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988 இயந்திர விசையால் ஓடுபவற்றோடு நின்றுகொள்கிறது; பதிவும் அவற்றுக்கே.

இலங்கையில் இதே பழக்கத்தின் வடிவம் சட்டத்தில் நன்றாகவே பதிந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வண்டிகளுக்கும் விலங்குகளுக்கும் ஆண்டு வரி அட்டவணை ஒன்றைத் தருகிறது. வியாபாரத்துக்கான துவிச்சக்கர வண்டிக்கு 18 ரூபாய், மற்றதற்கு 4 ரூபாய், யானைக்கு 50 ரூபாய். யானையையும் சைக்கிளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த அதிகாரியின் மனநிலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த அட்டவணைதான் விஷயத்தைச் சொல்கிறது. யானை காணாமல் போய்விடும் என்று யாரும் வரி போடவில்லை. வில்லையின் வேலை வசூல். கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியது இந்த ஆண்டுப் பணம் கட்டியாயிற்றா என்பது மட்டும். வண்டி யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் திருகாணியைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டக்கூடிய தகடு அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

நம் ஊரில் வில்லையைக் கேட்கிற ஆளும் லைட் இல்லாததற்கும் டபுள்ஸ் போனதற்கும் பிடிக்கிற ஆளும் ஜனங்களின் நினைவில் ஒரே ஆளாகக் கலந்துவிட்டார்கள். பிடித்தால் டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். பஞ்சர் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்று போன டயரும் கைமாறிய சில்லறையும்தான் அந்த முறை விட்டுப் போன மிச்சம். கனடாவின் டொரன்டோ நகரத்திலும் ஏறக்குறைய இதே கதை. 1935 முதல் 1957 வரை அங்கே சைக்கிளுக்கு உரிமம் கட்டாயம். கடைசியில் நகரசபை அதை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, சின்னப் பிள்ளைகள் தெரியாமலே சட்டத்தை மீறுகிறார்கள், அதனால் அவர்களுக்கும் போலீசுக்கும் உறவு கெடுகிறது என்பது. சுவிட்சர்லாந்தில் 2011 முடிய ஒட்டப்பட்ட வில்லை விபத்துக் காப்பீட்டுக்கானது. திருட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சைக்கிள் பதிவு உலகமெங்கும் தோற்றுவிட்டது என்று காட்ட இந்த உதாரணங்களை அடுக்குகிறவர்கள் உண்டு. இவை வேறு வேலைக்குப் பிறந்தவை. திருட்டைத் தடுக்கவில்லை என்று வரி ரசீதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

திருட்டைத் தடுக்கிற பதிவு நம்மிடம் வேறு இடத்தில் இருந்தது. வாடகை சைக்கிள் கடையைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வரும். மட்கார்டில் கடையின் பேரும், கூடவே 7, 12 என்று ஓர் எண்ணும் பெயின்டில் கொட்டை எழுத்தில் இருக்கும். கடையில் நீள நோட்டு. 'மணி 4.10, வண்டி 7, மளிகைக்கடை முக்கு பையன்' என்று ஒரு வரி. முன்பணம் கிடையாது, ஆள் தெரிந்தால் போதும். ஏழாம் நம்பர் வண்டி பக்கத்து ஊரில் தனியாக நின்றால், பார்த்தவர் கடைக்குச் சேதி அனுப்பிவிடுவார். சைக்கிள் ஸ்டாண்டு இன்னொன்று. அட்டை டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹேண்டில்பாரில் செருகி, மறுபாதியைக் கையில் கொடுப்பார்கள். இரண்டு பாதியும் சேராமல் வண்டி வெளியே போகாது. தைப்பூசத் தேருக்கு மலையடிவாரத்தில் சேர்கிற கூட்டத்தில் ஆயிரம் வண்டிக்கு நடுவே அவரவர் வண்டி அவரவர் கைக்கு வருவது அந்தக் கிழிந்த அட்டையால்தான்.

இந்த இரண்டிலும் எண் ஒன்றும் பெரிய எண் இல்லை. கணினி இல்லை, முத்திரை இல்லை. எண்ணைக் கேட்கிற ஆள் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதில் காசு சம்பந்தப்பட்டிருந்தது. வண்டி தொலைந்தால் நட்டம் அவர் தலையில். சைக்கிள் பதிவைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் கடைசியில் மிஞ்சுவது இது ஒன்றுதான்: கேட்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் எண்ணுக்கு உயிர்.

டென்மார்க்கில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே ஃபிரேம் எண் சட்டப்படி கட்டாயம். அந்த எண்ணை ஜனங்கள் மறக்காமல் வைத்திருக்கக் காரணம் சட்டத்தின்மேல் இருக்கிற பக்தி இல்லை. எண் சொல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. இதற்கு டென்மார்க் வரைக்கும் போக வேண்டியதில்லை, காங்கேயம் போதும். மாட்டின் காதில் மஞ்சள் தோடு மாதிரி தொங்கும் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. தடுப்பூசிக்கும் கணக்குக்கும் அரசு போட்டது அது. விவசாயி அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, மாடு செத்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது காது வில்லையை என்பதால்.

ஜப்பானில் கேட்கிற ஆள் போலீஸ்காரர். சைக்கிள் நிறுத்தம் பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டம் பதிவை ஊக்குவித்தது. அதன் திருத்தம் 1994இல் நடைமுறைக்கு வந்தபோது, 'போஹான் தோரொகு' எனப்படும் குற்றத்தடுப்புப் பதிவு சொந்தக்காரரின் கடமை ஆயிற்று. வண்டி வாங்குகிற கடையிலேயே சில நூறு யென் கட்டணத்தில் பதிந்து, சீட் பைப்பில் வில்லை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பதியாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி நேரத்தில் தெருவில் நிறுத்தி எண்ணைப் பார்ப்பது அங்கே போலீசின் அன்றாட வேலை. எண் ஒரு பேர் சொல்லி, மிதிப்பவர் வேறு பேர் சொன்னால் விசாரணை நீளும். நண்பரிடம் பழைய வண்டியை வாங்கி, பேர் மாற்றாமல் ஓட்டுகிற வெளிநாட்டு மாணவர்கள் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பது சகஜம். பிரான்ஸ் கேள்வியைக் கடைக்காரரின் வாயில் வைத்திருக்கிறது: 2021 ஜனவரி முதல், கடையில் விற்கும் புதிய சைக்கிள் ஒவ்வொன்றிலும் தேசிய அடையாள எண் பொறித்து, தரவுத்தளத்தில் ஏற்றிய பிறகே விற்க வேண்டும்; அதே ஆண்டு ஜூலையிலிருந்து கடைகளில் விற்கும் பழைய வண்டிக்கும் இது பொருந்தும்.

நம்மிடம் இன்று யார் கேட்கிறார்கள்? போலீஸ் கேட்க வேண்டும் என்றால் முதலில் வழக்கு வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 303(2) பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டில் முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவை போதும் என்கிறது. இரக்கமான ஏற்பாடு, எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் இதன் கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அங்கே போலீஸ் தானாகக் கைது செய்து விசாரிக்க முடியாத குற்றமாகிவிட்டது. நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் புலன்விசாரணை கிடையாது. பழைய சட்டத்தில் பத்து ரூபாய்த் திருட்டுக்கும் எஃப்.ஐ.ஆர். போட வழி இருந்தது. போட்டார்களா என்பது வேறு கதை.

இந்த 5,000 ரூபாய்க் கோடு யார் வீட்டு வாசலில் விழுகிறது என்று பார்க்க, அரசின் விலையில்லா சைக்கிள் கணக்கு உதவும். 2001-02இல் மேல்நிலைப் பள்ளியின் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய திட்டம் 2005-06இல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய ஒரு சுற்றில் மட்டும் சுமார் 6.35 லட்சம் பேருக்கு ரூ. 323 கோடியில் வண்டிகள். வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டி 5,100 ரூபாய்க்குக் கொஞ்சம் உள்ளே. புது வண்டியே கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது; ஒரு மழைக்காலம் போனால் கோட்டுக்குக் கீழே. அந்தப் பிள்ளையின் சைக்கிள் தொலைந்தால் ஸ்டேஷனில் கிடைக்கப்போவது, புகார் வந்தது என்று சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று.

அந்த வண்டிகளுக்கு இன்னொரு சங்கடம். ஒரு பள்ளிக் கொட்டகையில் நூறு வண்டி, நூறும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே கூடை. ரிப்பன் கட்டியும், ஸ்டிக்கர் ஒட்டியும், மார்க்கரில் பேர் எழுதியும் பிள்ளைகள் தங்கள் வண்டியைப் பிரித்துவைக்கிறார்கள். இந்தியாவிலேயே மிகச் சுலபமாகத் தயாராகக்கூடிய சைக்கிள் பதிவேடு இங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். எந்தப் பள்ளியில் எந்த மாணவருக்கு வண்டி போனது என்ற பட்டியலில் அரசு ஏற்கெனவே கையெழுத்து வாங்குகிறது. ஒவ்வொரு பேருக்கும் எதிரே ஃபிரேம் எண்ணை எழுத ஒரு கட்டம் சேர்த்தால், அந்த எண்ணையே பிள்ளையின் கையில் ஒரு சீட்டில் கொடுத்தால், ஆண்டுக்குப் பல லட்சம் வண்டிகளுக்கு ஜாதகம் எழுதியாகிவிடும். புதிய சட்டம் வேண்டாம், புதிய துறை வேண்டாம்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்று கேட்பது நியாயம். கைப்பேசிக்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது, 2023 மே முதல் நாடு முழுக்க சி.இ.ஐ.ஆர். தளத்தில் தொலைந்த போனை முடக்கலாம். போன் தானாக டவரைத் தேடிப் போய் எண்ணைச் சொல்கிறது. சைக்கிள் யாரிடமும் எதையும் சொல்லாது. யாராவது குனிந்து பார்க்க வேண்டும். திருட்டு வண்டி போகிற வழி இரண்டுதான். ஒன்று, முழு வண்டியாகக் கைமாறுவது. அதற்குப் பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடை, தெரிந்தவர் மூலம் வியாபாரம், ஆலை வாசல். மற்றொன்று பழைய இரும்புக் கடை. பழைய மாடல் வண்டி 20 கிலோ வரும். எடை போட்ட பிறகு ரிம் வேறு, ஃபிரேம் வேறு, எண் எங்கேயோ. இரண்டாவது வழியில் போய்விட்டால் எந்தப் பதிவும் உதவாது, அதிலும் ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடும். முதல் வழியில்தான் எண்ணுக்கு வேலை. இத்தாலிய இயக்குநர் தெ சிகாவின் 1948ஆம் ஆண்டுப் படமான 'பைசிக்கிள் தீவ்ஸ்'-இல் ஒரு காட்சி பலருக்கும் நினைவிருக்காது. ரோமின் பழைய சாமான் சந்தையில் ஒருவர் ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார். வண்டியைப் பறிகொடுத்தவர் எண்ணைக் காட்டச் சொல்வார், போலீஸ்காரர் வந்து குனிந்து படிப்பார், எண் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததுகூட ஒரு பதில்தான்; வீண் சந்தேகம் ஒன்று அங்கே தீர்ந்தது.

போலீஸ் மீட்ட வண்டிகளின் கதியும் எண்ணில்தான் தொங்குகிறது. ஒரு திருடனைப் பிடித்தால் பத்துப் பதினைந்து வண்டி சேர்ந்து கிடைப்பது வழக்கம். வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். அப்புறம் அவை வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் துருப்பிடிக்கும். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், பறிமுதலான பொருளைப் படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படையுங்கள் என்றது. உரியவர் யார் என்று தெரிந்தால்தானே ஒப்படைக்க முடியும்? உரியவர் தெரியாத பொருளுக்கு நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அது அரசுக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு, பதிவைக் கட்டாயமாக்கலாமா என்றால் வேண்டாம் என்பேன். ஜப்பானைப் போலத் தெருவில் நிறுத்திக் கேட்கிற உரிமையைக் கொங்கு நாட்டில் யாரிடமாவது கொடுத்தால் முதலில் யாரை நிறுத்துவார்கள்? பெருந்துறை ஆலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஷிப்டு முடித்து, அறைக்குத் திரும்பும் ஒடிசா, பீகார் பையன்களை. பில் இல்லாத பழைய வண்டியை இன்னொரு தொழிலாளியிடம் கை மேல் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். பேர் மாற்றாத வண்டி ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு வழக்கு. காற்றைப் பிடுங்கிய காலம் வேறு வடிவில் திரும்பி வரும். கேள்வி தெருவில் வேண்டாம், கடையில் இருக்கட்டும். புது வண்டி பில்லில் ஃபிரேம் எண் ஏற வேண்டும். பழைய வண்டி வாங்குகிற கடைக்காரர் எண்ணையும் கொண்டுவந்தவரின் பேரையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். வாடகைக் கடை நோட்டு மாதிரி ஒன்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது எப்படியும் குற்றம்தான். அந்த நோட்டு கடைக்காரருக்கே காவல்.

பேர் வெட்டும் கருவி ஃபிரேமிலும் ஓடும். பைப்பின் நடுவில் ஆழமாக வெட்டக் கூடாது, குழாய் மெல்லியது. சீட் பைப்பின் மேல்முனை, ஹேண்டில்பார் தண்டு, பெடல் அச்சுக் குழாயின் அடி ஆகிய கனமான இடங்களில் லேசாக வெட்ட வேண்டும். பெயின்ட் போன இடத்தில் துரு ஏறாமல் இருக்க மேலே கொஞ்சம் நகச்சாயம் தடவினால் போதும். வெட்டிய பேர், ஆலை எண், வண்டியோடு ஒரு போட்டோ. மூன்றும் வீட்டில் யாராவது ஒருவர் போனில் இருக்கட்டும்.

இதை எழுதத் தொடங்கிய அன்று வீட்டிலிருக்கும் என் பழைய வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்ததில் முதலில் ஓர் எழுத்து தெரிந்தது, அப்புறம் நாலு எண். கடைசி எண் துருவில் மங்கிப்போயிருந்தது. அது 3ஆ 8ஆ என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் விரலால் தடவிப் பார்த்து, "எட்டுத்தானுங்க" என்றான். எழுதிக்கொண்டேன்.